சுவருக்கு வந்த திருத்தம்

அந்தத் தெருவில் அவளைப் பார்த்தால் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "என்னக்கா, இன்னைக்கு ஏதாவது திருத்தம் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். மருந்துக்கடைக்காரர் கேட்பார், தையல்கடைக்காரி கேட்பாள், பஞ்சர் ஒட்டுகிறவர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார். கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதில் சொல்ல அவள் ஒரு நொடி தயங்கினால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிடுவார்கள். வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தால் அது நமக்கு நல்லதாக இருக்கும் என்று நம்புகிற ஆள் அந்தத் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

கேட்டுக் கேட்டே அவளுக்குத் திருத்தக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. வரி ஆலோசகர். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் ஓர் இரும்பு பீரோ, முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலிகள். ஒரு நாற்காலிக்குக் கால் ஆட்டம். அதை அவள் வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருந்தாள். கதை பேசுகிற ஆட்களுக்கு அந்த நாற்காலியைத்தான் காட்டுவாள்.

மேசையின் மேல் சட்டப் புத்தகம். எந்தத் திருத்தம் வந்தாலும் அதை அச்செடுத்து, கத்தரித்து, அந்தந்தப் பிரிவின் மேல் பசை தடவி ஒட்டுவாள். கணினியிலேயே எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது; ஆனால் கையால் ஒட்டினால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். ஒட்டி ஒட்டிப் புத்தகம் விருந்து சாப்பிட்டவன் வயிறு போல உப்பி, மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தாள். சில பிரிவுகளில் ஒட்டின் மேல் ஒட்டு. மேலே இருப்பதைப் பிய்த்துப் பார்த்தால், அடியில் இருப்பதும் அதையேதான் சொல்லும். அரைத்த மாவையே அரைக்கிறார்கள், அதற்கு நம் கைக்கு வலி, என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒட்டி முடித்ததும் போன். அந்தத் திருத்தம் யார் யாரைத் தொடுகிறதோ அவர்களுக்கெல்லாம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஒரு தடவைகூடத் திருத்தப்படாத சட்டம் அது ஒன்றுதான். காய்ச்சலில் படுத்துக்கொண்டு போன் செய்திருக்கிறாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு செய்திருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் ஆன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பேத்தி பிறந்த செய்திக்கு முன்னால் தேய்மான விகிதம் மாறிய செய்தியை ஊருக்குச் சொன்னவள் அவள்.

ஆனால் களைத்துவிட்டாள். அதை மறைக்க என்ன இருக்கிறது? முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒரு மூச்சாகப் படித்து, ஒரு மூச்சாக ஒட்டி, மிச்ச நாளைக்கு மனுஷியாக இருக்கலாம். இப்போது நினைத்தபோது மாற்றுகிறார்கள். காலையில் ஓர் அறிவிப்பு, மறுநாள் அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கம் புரியவில்லை என்று நாலு பேர் கத்தினால் விளக்கத்துக்கு விளக்கமாக ஒரு சுற்றறிக்கை. படித்து முடிப்பதற்குள் படித்தது பழசாகிவிடுகிறது. கண் எரிகிறது. கழுத்து பிடித்துக்கொள்கிறது. இதில் ஒன்றைத் தவறவிட்டால் நஷ்டம் அவளுக்கல்ல, நம்பி வந்த தையல்கடைக்காரிக்கு. அந்த நினைப்புதான் அவளை விடிகாலையில் எழுப்பி உட்கார வைத்தது.

அவள் கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் அவர்தான் டீ போடுவார். டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏம்மா, நம்ம கல்யாணத்துக்கு ஏதாவது திருத்தம் வந்திருக்கா?" என்பார்.

"வரலை. பழைய தொல்லையே தொடரும்னு போட்டிருக்காங்க."

"அப்ப சரி," என்று பேப்பரைப் பிரிப்பார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து, சிரிப்பில்லாத குரலில், "போதும்னு சொல்லேன். எவ்வளவு நாளைக்கு இப்படி மல்லுக்கட்டுவ?" என்பார்.

போதும் என்று சொல்லத்தான் அவளும் நினைத்தாள். சொல்ல முடியாமல் நெஞ்சில் ஒரு விஷயம் முள்ளாக நின்றது. அது ஒரு சுவர்.

கடைத்தெரு முனையில் அண்ணனும் தம்பியுமாக ஒரு கடை வைத்திருந்தார்கள். அண்ணன் பக்கம் ஒயர், சுவிட்சு, பல்பு. தம்பி பக்கம் பைப்பு, குழாய், வாளி. நடுவில் ஒரே கல்லாப்பெட்டி. அண்ணன் சட்டம் என்றால் சாஷ்டாங்கமாக விழுகிற ஆள். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டிலும் சிக்னலில் நிற்பவர். தம்பி அதற்கு நேர்மாறு. வாய் ஓயாமல் பேசி, கடன் சொல்லி வந்தவனையும் சிரிக்கவைத்து அனுப்புவான். இரண்டும் சேர்ந்து ஒரு முழு ஆள் போலக் கடை ஓடியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திருத்தம் வந்தது. ஒரே குடும்பத்தினர் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், தனி வாசல், தனிக் கல்லா, தனி மின்மீட்டர், நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் இரண்டு தனிச் சிறுவணிகமாகக் கணக்கில் கொள்ளப்படும். சிறுவணிகத்துக்கு வரி நன்றாகக் குறையும். திருத்தக்கா அன்றைக்கே போன் செய்தாள். சகோதரர்கள் சந்தோஷமாகத் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையால் ஒரு சுவர் எழுப்பினார்கள். தம்பி அதன் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டச் சொன்னான். அதன் வழியாக டீ போனது, சில்லறை போனது, "டேய், அரை இஞ்ச் எல்போ ரெண்டு குடுடா" போனது. சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

பிறகு விளக்கம் வந்தது. தடுப்பில் எந்தத் திறப்பும் இருக்கக்கூடாது. இருந்தால் சலுகை ரத்து, அபராதம் வேறு. அதையும் அவள் அன்றைக்கே சொன்னாள். அண்ணன் அன்று மாலையே ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை ஒரு சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவர் பக்கம் கூட்டம் இருந்தால் மற்றவருக்குச் சத்தம் மட்டும் கேட்டது, ஆள் தெரியவில்லை. பைப்பு கேட்டு அண்ணன் கடைக்குள் வந்தவனை அவர் அந்தப் பக்கம் போகச் சொன்னாரா, இல்லை என்று அனுப்பினாரா என்று தம்பிக்குச் சந்தேகம். தம்பி தன்னைப் பற்றி என்ன சொல்லிச் சிரிக்கிறான் என்று அண்ணனுக்குச் சந்தேகம். கல்லா தனியானதும் கணக்கும் தனியானது. யாரால் கடை ஓடியது என்ற கேள்வி முளைத்தது. வீட்டில் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாகிவிட்டது.

கணக்கு கொடுக்க இருவரும் தனித்தனி நாளில் வந்தார்கள். அண்ணன் காகிதங்களை நீட்டிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்: "அவரு வந்தாரா? நல்லா இருக்காரா?" டேய் என்று கூப்பிட்ட தம்பி 'அவரு' ஆகியிருந்தான். அடுத்த வாரம் தம்பி வந்து, "அண்ணன் இளைச்ச மாதிரி இருக்காருக்கா. சுகர் ஏதாவது ஏறியிருக்கா? உங்ககிட்ட சொன்னாரா?" என்பான். பத்தடி தூரத்தில் இருக்கிற அண்ணனின் சர்க்கரையை அவன் வரி ஆலோசகரிடம் விசாரித்தான். அவள் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. சட்டத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

இந்த வருஷம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஒரே கூரை என்றால் ஒரே தொழில். தனியாகத்தான் இருப்பேன் என்பவர்கள் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். எது என்று இருவரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, ஆலோசகர் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அவள் துண்டைக் கத்தரித்து, பசை தடவி, அந்தப் பிரிவின் மேல் ஒட்டினாள். இது முடிந்தால் இரண்டில் ஒன்று. ஒன்று சுவர் போகும், இல்லையென்றால் தம்பி போவான். போனால் பிறகு சேர்வது கனவில்தான்.

இருவரும் வந்தார்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில், வேறு வழியில்லை. அண்ணன் ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பிக்குக் கால் ஆடும் நாற்காலி வாய்த்தது. அவன் அசையாமல் இருக்கப் படாதபாடு பட்டான்.

அவள் சட்டத்தைச் சொல்லி முடித்தாள்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் பெரியவரிடம்.

"அவரு என்ன சொல்றாருன்னு கேளுங்க மேடம்."

"அவர் இங்கதானே உக்காந்திருக்காரு. நீங்களே கேளுங்களேன். என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க."

அண்ணன் கேட்கவில்லை. தம்பிதான் தன் நாற்காலியின் ஆடும் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை பாத்து வெச்சிருக்கேன்க்கா. பேசியாச்சு. முன்பணம் மட்டும் குடுக்கல."

அண்ணனுக்கு அது புதுச் செய்தி. முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"சரி," என்றார். "போறவங்களப் பிடிச்சு வைக்க முடியுமா? இங்கயே இருந்தா மட்டும் என்ன? இத்தனை நாளா எவன் கேட்டாலும், 'அது சட்டத்துக்காகக் கட்டின சுவருப்பா'ன்னு சொல்லிட்டிருந்தேன். சொந்தக்காரங்க கேட்டாலும் அதைத்தான் சொன்னேன். இனிமே சட்டம் இல்ல. சுவரு மட்டும் நின்னா ஊருக்கு என்னன்னு சொல்றது?"

எந்தப் பிரிவிலும் அதற்குப் பதில் இல்லை.

தம்பி நிமிர்ந்தான். அவளிடம் சொல்வது போலத்தான் ஆரம்பித்தான். "ஜன்னலை அடைச்சாருல்லக்கா, அதுக்கு மறுநாள் அந்தப் பலகையில தட்டினேன். டீ வந்திருந்துச்சு, பழக்கதோஷத்துல தட்டினேன். பதிலே இல்ல. இன்னொரு நாளும் தட்டினேன். அந்தப் பக்கம் ஆளு இருக்கறது தெரியுது, இருமற சத்தம் கேக்குது. ஒரு தட்டு திருப்பித் தட்டல. சரி, வேணாம்னு நெனைக்கறாரு போலன்னு விட்டுட்டேன்."

"கேட்டுச்சு," என்றார் அண்ணன்.

"கேட்டுச்சுல்ல? அப்பறம்?"

"திறப்பு எதுவும் கூடாதுன்னு போட்டிருந்தாங்க. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தொடர்பே இருக்கக்கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். தட்டலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல." அவர் குரல் இறங்கிவிட்டது. "மேடத்தைக் கேக்கலாம்னு நெனைச்சேன். ரெண்டு தடவை போனைக்கூட எடுத்தேன். இதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு வெச்சுட்டேன்."

தம்பி வாயைப் பிளந்துகொண்டு அண்ணனைப் பார்த்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சாக்கு என்று நினைத்திருப்பான். ஆள் இல்லாத ரோட்டில் சிக்னலுக்கு நிற்கிற மனுஷர் சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது?

இருவரும் திருத்தக்காவைப் பார்த்தார்கள்.

"தட்டறதுக்குத் தடை எதுவும் இல்லண்ணே," என்றாள் அவள். "எப்பவுமே இருந்ததில்ல." எத்தனை போன் செய்தோம், எது கூடாது என்று எவ்வளவு விலாவாரியாகச் சொன்னோம், எதெல்லாம் கூடும் என்று ஒருநாளாவது சொன்னோமா என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் சொன்னால் அது பொய். உம்மென்றுதான் இருந்தார்கள். ஆனால் தாளில் 'ஒரே தொழில்' என்ற கட்டத்தில் அண்ணன் முதலில் கையெழுத்துப் போட்டார். தம்பி பேனாவை வாங்கிக்கொண்டான். எழுந்து போகும்போது, கதவைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை பலகையைக் கழட்டிரலாம்" என்றான். அண்ணன் ம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணினியைத் திறந்திருக்கவே கூடாது. விடுமுறை நாளில் அறிவிப்பு போட வரித்துறைக்குத்தான் மனசு வருமே. சலுகை ரத்து ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பழைய ஏற்பாடே தொடரலாம். ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள், விரும்பினால், மாதக் கடைசிக்குள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அவள் அதை மறுபடியும் படித்தாள். அச்செடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், துண்டைக் கத்தரித்தாள். பசையைத் திறக்கவில்லை.

போனை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் திருப்புளியைக் கீழே போட்டுவிடுவார். சட்டம் சுவர் வேண்டும் என்கிறது, இன்னும் ஒரு வருஷத்துக்கு வரியும் குறையும். அப்புறம் ஏன் கழற்ற வேண்டும் என்பார். தப்பில்லாத பேச்சு. தம்பி அதைக் கேட்டுவிட்டு, அப்படியா, நல்லது என்று நேராக பஸ் ஸ்டாண்ட் பக்கம் முன்பணம் கொடுக்கப் போவான். அன்றைக்கும் அவள் எழுத்து பிசகாமல் சொன்னவளாகவே இருப்பாள்.

மற்றவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டுமே என்று போனைக் கையில் எடுத்தாள். தெருவில் ஒருவருக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. திரும்ப வைத்தாள்.

"என்ன, திருத்தமா? போன் பண்ணலயா?" என்றார் கணவர்.

"இல்ல. கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்."

அவர் பேப்பரை இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அறிவிப்பு வந்த நாளில் அவள் போனை விட்டு எழுந்து அவர் பார்த்ததேயில்லை. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன். மதியத்துக்கு எனக்கும் சேத்து வைங்க."

கடையின் இரண்டு வாசலும் திறந்திருந்தன. ஒரு பக்கப் பலகைகள் ஏற்கனவே இறங்கி நடைபாதையில் சாய்ந்து கிடந்தன. நடுப்பலகை, அந்த ஜன்னல் இருந்த பலகை, மட்டும் அசைய மாட்டேன் என்றது. அண்ணன் அடித்த ஆணிகள் அப்படி. ஒரு ஜன்னலுக்கு ஒரு வீட்டுக்குப் போதுமான ஆணி. தம்பி சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ ஆணியா அடிப்பாங்க?"

"வாயை மூடிட்டு இழுடா டேய். அந்தப் பக்கமா இழு. மேல பல்பு இருக்கு, கண்ணு தெரியல உனக்கு?"

டேய் என்ற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. திருத்தக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கைப்பைக்குள் அந்தத் துண்டுக் காகிதம் இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நிச்சயமாகச் சொல்வாள், அவர்கள் கணக்கு, அவர்கள் காசு, மறைக்க அவளுக்கு உரிமை இல்லை. கேட்டபிறகு சுவர் வேண்டும் என்று தோன்றினால் தச்சரைக் கூப்பிட்டு மறுபடி கட்டிக்கொள்ளட்டும். ஆனால் அது அவர்கள் கட்டிய சுவராக இருக்கட்டும். இன்றைக்கு ஒருநாள் சட்டம் கொஞ்சம் காத்திருந்தால் குடி முழுகிப்போகாது.

தம்பி அவளைப் பார்த்துவிட்டான். வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமையும் விடறதில்லயா? ஏதாவது திருத்தம் வந்திருக்கா?"

அண்ணன் திருப்புளியோடு நின்றார். அவர் முகத்தில் பழைய பயம் வந்து உட்கார்ந்தது. அவள் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் வரலப்பா," என்றாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"அப்ப சும்மா நிக்காதீங்க. அந்தக் கீழ் முனையைக் கொஞ்சம் பிடிங்க. இது மட்டும் வந்துட்டா ஆச்சு."

பையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். வைத்ததும் உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரராகத்தான் இருக்கும், செய்தியில் பார்த்திருப்பார். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. திருத்தக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, பலகையின் கீழ் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.